புள்ளி நாலு டிகிரி

தண்ணீர் குளிர்ந்து வந்துவிட்டது. அதுதான் வெயிலுகந்தாளின் துக்கம்.

குளிர்ந்து என்றால் பல் கூசும் குளிர் இல்லை. கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர் குழாய்க்குள் ஓடி வருவதற்குள் தண்ணீர் பத்து டிகிரி சூடேறும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஒன்பது புள்ளி ஆறுதான் ஏறியிருந்தது. தூத்துக்குடியே மழைக்கூடத்து வாசலில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் திரையில் தெரிந்த அந்த ஆறைப் பார்த்து, கல்யாண வீட்டில் ஆகாத சொந்தக்காரரைப் பார்த்தவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்கு மின்சாரமும் குடிநீரும் ஒரே குழாயில் வந்த முதல் நாள் அது. மன்னார்க் கடலில் நிற்கும் காற்றாலைகளின் மின்சாரம் குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு வரும். உப்பு நீக்கிய கடல்நீர் குழாயின் வயிற்றுக்குள் வரும். மின்சாரம் ஓடுவதால் பிறக்கும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் தண்ணீரை உயரத்திலிருந்து துளித்துளியாக உதிரவிடுவார்கள். துளிக்கும் துளிக்கும் நடுவே காற்று இருப்பதால், மின்சாரம் தண்ணீரோடு தொற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைய முடியாது. அப்படி உதிரும் கூடத்துக்குத்தான் மழைக்கூடம் என்று பெயர். ஐந்து மாடி உயரம், நாள் முழுக்க அடைமழை. தூத்துக்குடிக்காரர்கள் மழையைப் பார்க்க டிக்கெட் கேட்டாலும் வாங்குவார்கள்.

"என்ன மேடம், ஊரே சிரிக்குது, நீங்க மட்டும் இப்படி நிக்கறீங்க?" என்று வந்தார் நிரஞ்சன். திட்டத்தின் இயக்குநர். வேறொரு துறையிலிருந்து மாற்றலாகி மூன்று மாதம்தான் ஆகிறது. "சூடு குறைஞ்சா மின்சாரம் கம்மியா வீணாகுதுன்னுதானே அர்த்தம்? நல்லதுதானே?"

"நல்லதுதான் சார். ஆனா ஏன் நல்லதுன்னு எனக்குத் தெரியல."

"தெரியாட்டி என்ன?"

"இன்னைக்கு ஏன் குறைஞ்சுதுன்னு சொல்லத் தெரியாதவளுக்கு, நாளைக்கு ஏன் கூடுச்சுன்னும் சொல்லத் தெரியாது. ஒப்பந்தத்தைப் படிச்சிருப்பீங்க. கணக்கும் நிஜமும் ரெண்டு சதவீதத்துக்கு மேல விலகக்கூடாது. மேலயும் சரி, கீழயும் சரி. இது நாலு."

நிரஞ்சனின் சிரிப்பு மெல்ல இறங்கியது. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. விலகல் நான்கு என்று அவர்கள் எழுதிவிட்டால், வெயிலுகந்தாளும் அவளுக்குக் கீழ் வேலை செய்யும் ஆறு பேரும் ஒன்பது வருடம் உட்கார்ந்து உருவாக்கிய கணித மாதிரி குப்பைக்குப் போகும். இராமேசுவரம் வரை போகப் போகிற அடுத்த நூற்றைம்பது கிலோமீட்டர் தடத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு ஆயத்த மாதிரியை வாங்கி மாட்டுவார்கள். இங்கே உள்ளவர்களுக்கு இதெல்லாம் வருமா என்று ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வாய்களுக்கு அவல் கிடைத்துவிடும்.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக்கூடாது" என்றார் நிரஞ்சன் குரலைத் தாழ்த்தி. "கரண்ட் ஏன் வெளிப்பக்கமாவே ஓடுது? ஃபைல்ல நாலு தடவை படிச்சேன். ஏறல."

அந்த நிமிடம் அவரை அவளுக்குக் கொஞ்சம் பிடித்துப் போயிற்று. தெரியாது என்று சொல்லும் இயக்குநரை அவள் அதுவரை கண்டதில்லை.

"திருவிழாக் கூட்டத்தை நினைச்சுக்கோங்க சார். எல்லாரும் முன்னால ஓடணும், உடனே திரும்பிப் பின்னால ஓடணும். நிதானமாத் திரும்பச் சொன்னா நடுவுல நிக்கறவனும் திரும்பிருவான். நொடிக்கு இருபதாயிரம் தரம் போயிட்டுத் திரும்புன்னா? சுத்தி நிக்கறவன் தள்ளுற தள்ளுல நடுவுல உள்ளவன் அசையவே முடியாது. ஓரத்துல நிக்கறவன் மட்டும்தான் ஓடுவான். நம்ம மின்சாரம் நொடிக்கு இருபதாயிரம் தரம் திரும்புது. அதனால செம்போட வெளியோரத்துல, அரை மில்லிமீட்டர் ஆழத்துலதான் அத்தனையும் ஓடும். உள்ளே சும்மா கிடக்கு. சும்மா கிடக்கிற இடத்துலதான் தண்ணியை விட்டோம்."

"அப்ப உங்க கணக்கு முழுக்க அந்த அரை மில்லிமீட்டருக்குத்தானா?"

"ஒன்பது வருசமும் அதுக்குத்தான்."

அதைச் சொல்லும்போது அவள் தலை தானாக நிமிர்ந்தது. நிமிராமல் என்ன செய்யும்? செம்பை வெங்காயச் சருகைவிட மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு ஓடும், எவ்வளவு சுடும் என்று சமன்பாடு எழுதி, குழாய் வளையும் இடத்தையும் பற்றவைத்த இடத்தையும் தனித்தனியே தீர்த்து, நாற்பது கோடி கட்டங்களை ஒன்றாகக் கோத்தவள் அவள். அந்தக் கணித மாதிரி இதுவரை ஒரு சோதனையிலும் அவளைத் தலைகுனிய விட்டதில்லை.

இரண்டு நாள் அவளும் ஆறு பேரும் கணக்கை உதறிப் பார்த்தார்கள். கட்டங்களை இன்னும் சிறிதாக்கினார்கள். தண்ணீரின் வேகத்தை மறுபடி அளந்தார்கள். வெப்பமானிகளைக் கழற்றி வேறு மாட்டினார்கள். எல்லாம் சரி. அதுதான் எரிச்சல்.

வியாழன் காலை, மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. செம்பு ஆலையில் குழாயைச் சுழற்றிக் கடைசல் பிடிக்கும்போது மேலே வளையம் வளையமாகக் கோடு விழும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். மின்சாரம் நீளத்துக்கு ஓடுகிறது, கோடுகளோ குறுக்கே கிடக்கின்றன. ஒவ்வொரு கோட்டிலும் இறங்கி ஏற வேண்டும். வழி நீளும், சூடு கூடும். அந்தக் கூடுதலையும் அவள் கணக்கில் சேர்த்திருந்தாள். எவ்வளவு என்று பழைய தாளைப் புரட்டினாள்.

நான்கு சதவீதம்.

கோடுகளே இல்லை என்று வைத்துக்கொண்டால் விடை ஒன்பது புள்ளி ஆறு. ஆனால் கோடுகள் எப்படி இல்லாமல் போகும்? குழாயின் மேற்பரப்பைக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைப்பதைத் தவிர யாரும் எதுவும் செய்யக்கூடாது, செய்தால் வேலையை விட்டு நீக்கப்படுவார் என்று ஒப்பந்தத்தின் பதினான்காவது விதி சொல்கிறது. விதியை எழுதியவளே வெயிலுகந்தாள்தான். தன் எண் மாறிவிடக்கூடாது என்பதற்காக எழுதினாள். எழுதிவிட்டால் நடந்துவிடும் என்று நம்புவது கணக்குப் போடுகிறவர்களுக்குள்ள வியாதி. அந்த வியாதி அவளுக்கும் இருந்தது.

குழாய்க் களம் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம். திருச்செந்தூர் கிளைத் தடத்துக்கான குழாய்கள் பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் மரக்கட்டைகள்மேல் வரிசையாகக் கிடந்தன. ஐம்பத்திரண்டு பெண்கள் அங்கே வேலை. குழாயைச் சுத்தம் செய்து பிளாஸ்டிக் மேலுறைக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. வெள்ளைச் சட்டை மேடம் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கியதும் களம் சட்டென்று அமைதியானது.

அவள் நேரே ஒரு குழாயிடம் போய், உறை போடக் காத்திருந்த செம்பின்மேல் நகத்தை வைத்து நீளமாக இழுத்தாள். நகம் எங்கும் தட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த குழாய், அதற்கடுத்தது. எதிலும் கோடு இல்லை. வெயிலில் அத்தனையும் புதுக் குத்துவிளக்காய் மின்னின.

"யாரு இங்க பொறுப்பு?"

"நான்தான் மேடம். மரியபுஷ்பம்." ஐம்பது வயதிருக்கும். முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு, குழாய்க்கும் மேடத்துக்கும் நடுவே வந்து நின்றாள்.

"இதை எதால துடைக்கிறீங்க?"

"நீங்க குடுத்த மருந்தாலதான்."

வெயிலுகந்தாள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். கரைப்பான் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. முத்திரை உடையாத பீப்பாய்கள். பக்கத்தில் சாக்கு போட்டு மூடிய ஒரு தொட்டி. சாக்கைத் தூக்கினாள். ஊறிய புளி. அருகே ஒரு சட்டியில் சலித்த செங்கல் பொடி, உப்பு, தேங்காய் நார். அடுப்பங்கரையில் பித்தளை தேய்க்கிற சாமான் அத்தனையும் அங்கே இருந்தது.

"ரசம் வைக்கியளோ?" என்றாள். கோபத்தில் அவளுக்கு ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. மரியபுஷ்பம் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"இதைப் படிங்க. பொறவு வையுங்க."

இரண்டு வருடத்துக்கு முந்தைய கடிதம். களத்துக்குக் குழாய் வருமுன், வெறும் துண்டுகளில் பழகிய வாரத்தில் எழுதியது. ஐம்பத்திரண்டு கையெழுத்து. 'கரைப்பான் பட்டால் கை கொப்பளிக்கிறது, மூச்சு அடைக்கிறது, வேறு ஏதாவது தரவேண்டும்' என்று கேட்டிருந்தார்கள். கீழே பதில் ஒரே வரியில் இருந்தது: 'இந்தக் கரைப்பானால் செம்புக்குக் கெடுதல் இல்லை.' அதன் கீழே வெயிலுகந்தாளின் கையெழுத்து.

அவளுக்கு நினைவு வந்தது. வந்திருக்க வேண்டாம். நாற்பது கோப்புகளுக்கு நடுவே ஒரு கோப்பு. மேற்பரப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் அலுவலகத்தில் அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவளும் மேற்பரப்பைப் பற்றி மட்டும் பதில் எழுதினாள். கையைப் பற்றிய வரியை அவள் கண் படித்தது, மனசு படிக்கவில்லை. காது இரண்டும் சூடாகிப் போனது அவளுக்கு. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

"நாங்க கையைக் கேட்டோம். நீங்க செம்பைச் சொன்னிய" என்றாள் மரியபுஷ்பம். குரலில் கோபம்கூட இல்லை. "சரி, செம்புக்கு என்ன தோதோ அது எங்களுக்குத் தெரியும்னு புளியை எடுத்துட்டோம். சிரட்டை சிரட்டையா வீட்டுலருந்து கொண்டாந்தோம்."

"புளி மட்டும் கோட்டை அழிக்காதே. செங்கல் பொடி எதுக்கு?"

"சொரசொரன்னு கெடந்துச்சு. அப்படியே உறையைப் போட்டு மூட மனசு வரல. ஏனத்தைப் பாதி வெளக்கிக் கவுத்துவாளா ஒருத்தி?"

"எந்தப் பக்கமாத் தேச்சிய? சுத்தியா, நீளத்துக்கா?"

"சுத்தித் தேச்சா குழாய் கட்டையில இருந்து உருண்டுரும் மேடம். ரெண்டு பேரு காலு நசுங்கியிருக்கும். அங்கிட்டு ஒருத்தி, இங்கிட்டு ஒருத்தி, நீளத்துக்கு நடந்துக்கிட்டே தேய்ப்போம்."

நீளத்துக்கு. மின்சாரம் போகிற திக்கிலேயே. உலகத்தில் எந்த ஆலையும் செய்ய யோசிக்காத காரியத்தை, குழாய் உருண்டுவிடும் என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பெண்கள் முப்பது கிலோமீட்டருக்குச் செய்திருக்கிறார்கள். வெயிலுகந்தாள் கட்டையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் குளிர்ந்தது, நாளைக்குக் குழு வருவது, பதினான்காவது விதி, எல்லாம்.

"உண்மையைச் சொன்னா உங்க வேலை போயிரும். சொல்லாட்டி என் கணக்கு போயிரும்" என்றாள். கடிதத்தை மடித்து மரியபுஷ்பத்திடம் திருப்பிக் கொடுத்தாள். "நான் சொல்லல அக்கா. கணக்கு தப்புன்னு ஒத்துக்கிடுதேன். அந்தக் கடுதாசிக்கு நான் பட்ட கடன் அது."

மரியபுஷ்பத்தின் முகம் அப்போதுதான் சிவந்தது.

"யாரு உங்ககிட்ட மறைக்கச் சொன்னா? இம்புட்டு நாளா வேலை போயிருமோன்னு மறைச்சோம், அது எங்க பயம். இப்பதான் தெரியுது, நாங்க தேச்சதுல ஊருத் தண்ணியே குளுந்திருக்கு. இதைப் போயி இல்லைன்னு சொல்லப் போறியளாக்கும்? கெட்டதை மறைக்கலாம் மேடம். நல்லாச் செஞ்ச வேலையை மறைச்சா சோறு எறங்காது. எங்க தேய்ப்பையும் கணக்குல ஏத்துங்க."

பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, "ஏத்துங்க மேடம்" என்றாள். இன்னொருத்தியும் சொன்னாள். பயம் போகவில்லை. பயத்தோடுதான் சொன்னார்கள்.

அன்று பகல் முழுக்க வெயிலுகந்தாளின் ஆறு பேரும் களத்தில் கிடந்தார்கள். நாற்பது குழாய்களில் மெழுகுத் தகடு அழுத்தி மேற்பரப்பைப் படியெடுத்து அளந்தார்கள். அளவை மாதிரியில் ஏற்றியதும் விடை ஒன்பது புள்ளி ஆறில் வந்து உட்கார்ந்தது. ஆறு பேரும் கைதட்டினார்கள். வெயிலுகந்தாள் தட்டவில்லை.

"விடை தெரிஞ்ச பிறகு வழி கண்டுபிடிச்சா, திருடன் மாட்டுன பிறகு குறி சொன்ன மாதிரி. குழு நம்பாது" என்றவள், மரியபுஷ்பத்திடம் திரும்பினாள். "அக்கா, புளி போடாம எப்பவாச்சும் தேச்சதுண்டா?"

"உண்டே. போன வருசம் மாதா கோயில் கொடியேத்தத்துக்கு முந்தின மூணு வாரம். தரம் பாக்குற ஆளு ஒருத்தரு நாற்காலியைப் போட்டு எதுக்க உக்காந்துட்டாரு. அப்ப மட்டும் மருந்துதான். மூணு பேரு கை வெந்து போச்சு."

எந்தத் தேதி, எந்த எண் குழாய், கடலில் எங்கே பதித்தது என்று பதிவேட்டைப் புரட்டினார்கள். பதினேழாவது கிலோமீட்டரிலிருந்து பத்தொன்பது வரை. வெயிலுகந்தாள் ஒரு தாளில் நான்கு வரி எழுதி, தேதி போட்டு, உறையில் இட்டு ஒட்டினாள். அவள் முகத்தில் மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த திமிர் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை. குழுத் தலைவர் ஜுலைகா பீவி காயல்பட்டினத்துக்காரர். அறுபது வயது, சிரிக்க யோசிப்பார். தடத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு வெப்பமானி உண்டு. அந்த அளவுகள் முத்திரையிட்ட பெட்டியில் அவர் கையில்தான் இருந்தன. பரீட்சை எழுதுகிறவளிடம் விடைத்தாளைக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா? நுழைவிடத்துச் சூடும் கரையில் வந்த சூடும் மட்டும்தான் வெயிலுகந்தாளுக்குத் தெரியும்.

அவள் அறிக்கையை வாசித்தாள். புளி, செங்கல் பொடி, உப்பு என்று ஒளிக்காமல் வாசித்தாள். நிரஞ்சனுக்கு வேர்த்தது.

"கதை நல்லா இருக்கு" என்றார் ஜுலைகா பீவி. "வேண்டிய விடைக்கு ஏத்த மாதிரி யாரும் ஒரு கதை சொல்லலாமே."

"அதுக்குத்தான் மேடம் இந்த உறை. உங்க பெட்டியைத் திறக்கறதுக்கு முந்தி இதைத் திறந்து சத்தமாப் படிங்க."

ஜுலைகா பீவி படித்தார். "தடம் முழுதும் சூடு குறைவாக ஏறும். பதினேழு முதல் பத்தொன்பது வரையுள்ள இரண்டு கிலோமீட்டரில் மட்டும் என் பழைய கணக்குப்படியே ஏறும். அங்கே புளி படவில்லை."

பெட்டி திறந்தது. முப்பது அளவுகளும் திரையில் வரிசையாக விழுந்தன. கோடு ஒரே சரிவாகப் போய், பதினேழில் சற்றே செங்குத்தாக ஏறி, பத்தொன்பதில் மறுபடி முன்னைய சரிவுக்கே திரும்பியது. முப்பது கிலோமீட்டர் கடலுக்கடியில் எந்த இடத்தில் ஒரு பெண்ணின் புளிக்கை படவில்லை என்று ஒரு கணக்கு சொல்லியிருக்கிறது. வெயிலுகந்தாளுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை. பெருமையில் வந்த நீரை எதற்குத் துடைக்க வேண்டும்?

"ஒத்துக்கிட்டோம்" என்று ஜுலைகா பீவி கையெழுத்திட்டு அறிக்கையை நிரஞ்சனிடம் தள்ளினார். அவரும் மகிழ்ச்சியோடு போட்டார். போட்ட பிறகு வாசல் பக்கம் பார்த்தார்.

"கணக்கு பாஸ், ரொம்ப சந்தோஷம். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. பதினாலாவது விதிப்படி அந்த அம்பத்திரண்டு பேரையும் நீக்கணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, என்ன செய்ய?"

வாசலோரம் நின்ற மரியபுஷ்பம் முந்தானையை இறுகச் செருகிக்கொண்டாள்.

"நிரஞ்சன்" என்றார் ஜுலைகா பீவி, "கையெழுத்துப் போட்டீங்களே, மூணாவது பக்கம் படிச்சீங்களா?"

அவர் புரட்டினார். வாய்க்குள் படித்தவர், பாதியில் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். "இந்தக் கணித மாதிரி செல்லுபடியாவதற்குத் தேவையானவை: ஒன்று, மேற்பரப்பு கையால், நீளவாக்கில், இணைப்பில் கண்ட முறைப்படி தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு, கரைப்பான் பயன்படுத்தக் கூடாது. மூன்று, மேற்கண்டவாறு தேய்த்தவர்களோ, அவர்களிடம் பழகியவர்களோ தேய்க்காவிட்டால் விலகல் நான்கு சதவீதமாகும். பழைய பதினான்காவது விதி இதனால் நீங்குகிறது."

இராமேசுவரத் தடத்துக்கும் அதே ஆலைக் குழாய்தான். ஒப்புக்கொண்ட கணக்குக்கும் நிஜத்துக்கும் இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகினால் நூற்றைம்பது கிலோமீட்டரும் நிற்கும். பெண்களை நீக்கினால் விலகும். நிரஞ்சன் மூன்று முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், இதைத் தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"தெரியாம ஒரே ஒரு தடவைதான் எழுதினேன் சார். அதுக்குப் பேரு பதினாலாவது விதி."

அவர் சிரித்துவிட்டார். ஜுலைகா பீவியும் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு வெயிலுகந்தாள் மரியபுஷ்பத்தை மழைக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். அந்த நாலாக மடித்த கடிதத்தைக் கேட்டு வாங்கி, தன் பழைய வரியை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 'கரைப்பான் நிறுத்தப்பட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். மரியபுஷ்பம் எழுத்துக் கூட்டிப் படித்து, மடித்து, மறுபடி அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு வெளுத்த தழும்புகள் ஓடிய வலக்கையை உதிரும் மழைக்குள் நீட்டினாள்.

"வெதுவெதுன்னுதான் இருக்கு. இதுல எங்க வேலை எம்புட்டு?"

"பத்து டிகிரியில புள்ளி நாலு."

"அம்புட்டுத்தானா?" அவள் முகம் கொஞ்சம் வாடியது.

"அம்புட்டுத்தான். நாங்க ஏழு பேரு ஒன்பது வருசம் உக்காந்தும் எங்களால அதைக் குறைக்க முடியல அக்கா."

மரியபுஷ்பம் கையை வெளியே எடுக்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தண்ணீர் வழிய நின்றாள்.

"அப்ப இராமேஸ்வரத்துக்கு மூணு மூட்டை புளி சொல்லிருங்க, வெயிலு" என்றாள். "பழைய புளியாப் பாத்துச் சொல்லுங்க. புதுப்புளி செம்புக்கு ஆகாது."

வெயிலுகந்தாள் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். அறிக்கையின் இணைப்பில் அது விட்டுப்போயிருந்தது.